வில்லனைத் தேடிய திரை



'மிகுபுனைவும் திரையும்' என்பது இவ்வாண்டு எனக்குத் தரப்பட்ட தலைப்பு. டோல்கீன், ஹாரி பாட்டர் என்று போயிருந்தால் என் வேலை சுலபம். படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பாதி சொன்னால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்தச் சுலபத்தை ஒதுக்கிவிட்டு, திரையில் பெரும்பாலும் தோற்றுப்போன ஓர் எழுத்தாளரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உர்சுலா கே. லெ குவின். நன்றாக அமைந்த தழுவலில் தையல் தெரியாது. எங்கே வெட்டினார்கள், எதற்குப் பயந்தார்கள், யாரைத் திருப்திப்படுத்தப் பார்த்தார்கள் என்பதெல்லாம் தோற்ற தழுவலில்தான் பளிச்சென்று தெரியும். திரைக்கதை எழுத வேண்டும் என்ற ஆசையுள்ளவர்கள் இந்த அரங்கில் கொஞ்சப் பேராவது இருப்பீர்கள். உங்களுக்குத் தோல்விகள்தான் பயன்படும்.

லெ குவின் 1929-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தார். 2018 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் மறைந்தார். தந்தை ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்க மானிடவியலை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். தாய் தியடோரா குரோபர், யாஹி பழங்குடியின் கடைசி மனிதராகக் கருதப்பட்ட இஷியின் வாழ்க்கையை எழுதியவர். அந்த நூல் 1961-இல் வந்தது. உலகத்தின் மையத்தில் வெள்ளைக்காரன்தான் நிற்கிறான் என்று நம்ப முடியாத வீட்டில் வளர்ந்த பெண் அவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1968-இல் பெர்க்லியிலேயே இருந்த பார்னசஸ் என்ற சிறு பதிப்பகம் அவருடைய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலை வெளியிட்டது. எர்த்சீ என்பது முழுக்கத் தீவுகளாலான உலகம். அங்கே எல்லாப் பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அந்தப் பெயரை அறிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். மந்திரம் என்றால் அவ்வளவுதான். மனிதர்களுக்கும் உண்மைப் பெயர் உண்டு. உயிரை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பிக்கை வந்தாலன்றி யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கோன்ட் தீவில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குப் படிக்கப் போகிறான். (ஆமாம், மந்திரப் பள்ளிதான். ஹாக்வார்ட்ஸ் வருவதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் முன்பு.) சக மாணவனிடம் வீம்பு பேசி, இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த வாசல் வழியாக இன்னொன்றும் வெளியே வந்துவிடுகிறது, ஒரு நிழல். அது அவனைத் துரத்துகிறது. நாவலின் பாதிவரை அவன் ஓடுகிறான். பிறகு திரும்பி நின்று அதை இவன் துரத்துகிறான். கடலின் எல்லையில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது அவன் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்தப் பெயர் அவனுடைய பெயர்.

போர் இல்லை. இருளின் அரசன் இல்லை. வெல்ல வேண்டிய படையும் இல்லை. டோல்கீனின் புகழ் உச்சத்தில் இருந்த காலத்தில், மிகுபுனைவு என்றாலே நல்லவர் படையும் கெட்டவர் படையும் மோதுவது என்று ஆகிவிட்ட காலத்தில், அவர் தெரிந்தே செய்த காரியம் இது. தெரிந்தே செய்த இன்னொன்றும் உண்டு. நாயகன் கெட் செம்பு கலந்த பழுப்பு நிறம். அவனுடைய உயிர் நண்பன் வெட்ச் கறுப்பு. வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக இருப்பவர்கள் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வரும் கார்காட் மக்கள். இதை முதல் பக்கத்தில் பறையடித்துச் சொல்லவில்லை. வெள்ளை வாசகன் கெட்டுக்குள் வசதியாகக் குடியேறிய பிறகு, போகிறபோக்கில் அவன் தோல் நிறத்தைத் தெரிவிக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்தத் தந்திரத்தினால்தான்.

இந்த இரண்டும் நாவலின் பாரத்தைத் தாங்கும் தூண்கள். ஒரு தழுவல் நூறு காட்சிகளை மாற்றலாம், பாத்திரங்களைச் சேர்க்கலாம், முடிவைக்கூடத் திருப்பலாம். தூண் எது, திண்ணை எது என்று தெரியாமல் கைவைத்தால்தான் வீடு விழுகிறது. லெ குவினின் திரை வரலாறு முழுக்க இந்தக் கதைதான் என்பது என் வாதம்.

முதலில் வென்ற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1971-இல் வந்த 'தி லேத் ஆஃப் ஹெவன்' எர்த்சீ உலகைச் சேர்ந்ததல்ல, போர்ட்லாண்டில் நடப்பது. ஜார்ஜ் ஓர் என்ற சாதுவான மனிதன் காணும் சில கனவுகள் உலகத்தையே மாற்றிவிடுகின்றன. மாறியது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நினைவுகளும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. ஹேபர் என்ற மனநல மருத்துவர் இந்த ஆற்றலைக் கண்டுகொண்டு உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறார். மக்கள்தொகையைக் குறைக்கும்படி கனவு காணச் சொன்னால், பல நூறு கோடிப் பேரைக் கொன்ற கொள்ளைநோய் ஒன்று கடந்த காலத்தில் முளைத்துவிடுகிறது. மனிதர்களுக்குள் சமாதானம் வேண்டும் என்றால் வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கிறார்கள். நிறவெறியை ஒழிக்கச் சொன்னால் எல்லோரும் சாம்பல் நிறமாகிவிடுகிறார்கள்.

இதை நியூயார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.என்.இ.டி. படமாக்கியது. 1980 ஜனவரியில் ஒளிபரப்பானது. டேவிட் லாக்ஸ்டன், ஃபிரெட் பார்சிக் இருவரும் இயக்கினார்கள். புரூஸ் டேவிசன் ஓராகவும் கெவின் கான்வே ஹேபராகவும் நடித்தார்கள். செலவு சுமார் 2.5 லட்சம் டாலர். விண்வெளிப் போர்ப் படங்கள் கோடிகளை விழுங்கிக்கொண்டிருந்த அந்த நாளில் அது டீச் செலவு. எதிர்கால நகரத்துக்கு செட் போடக் காசில்லாமல் டெக்சாஸின் டல்லாஸில் அப்போது புதிதாக எழும்பியிருந்த கட்டடங்களையே எதிர்காலம் என்று காட்டினார்கள். லெ குவினிடம் கலந்து பேசியே எடுத்தார்கள். பிற்காலத்தில் அவர் மனநிறைவோடு நினைவுகூர்ந்த திரைத் தழுவல் இதுதான்.

அந்த ஏழைப்படம் ஏன் நிற்கிறது? நாவலின் ஆதார நிகழ்வுக்குச் சினிமாவிடம் ஏற்கெனவே கருவி இருந்தது. நாவலில் முதல் சோதனையின்போது மருத்துவரின் சுவரில் மாட்டியிருந்த மலைப்படம் குதிரைப் படமாக மாறிவிடுகிறது. எப்போதும் குதிரைதானே இருந்தது என்கிறது உலகம். சினிமாவில் இதற்கு என்ன வேண்டும்? ஒரு வெட்டு. ஒரு ஷாட்டில் மலை, அடுத்த ஷாட்டில் குதிரை. படத்தொகுப்பாளரின் மேசையில் ஒவ்வொரு நாளும் நடப்பதுதானே இது. ஓரின் கனவும் படத்தொகுப்பும் ஒரே வேலையைச் செய்கின்றன. இதை அந்த இயக்குநர்கள் உணர்ந்திருந்தார்கள். அவர்கள் இயங்கிய நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் நாம் ஜூன் பைக் போன்ற வீடியோ கலைஞர்கள் வேலை செய்தார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுக்குப் பிம்பத்தின்மேல் நம்பிக்கை இருந்தது, பிரம்மாண்டத்தின்மேல் இல்லை.

சாம்பல் நிறக் காட்சியை மறந்துவிடாதீர்கள். ஓர் காதலிக்கும் ஹெதர் லெலாஷ், கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளைத் தாய்க்கும் பிறந்த வழக்கறிஞர். படத்தில் மார்கரெட் ஏவரி. எல்லோரும் சாம்பலான உலகத்தில் நாவலின் ஓர் அவளைத் தேடுகிறான். அவள் இல்லை. இருக்கவும் முடியாது. அவள் கோபம், தைரியம், பேச்சு எல்லாம் அந்தப் பழுப்பு நிறத்தோடு சேர்ந்து உருவானவை; நிறத்தை எடுத்த உலகத்தில் அவளுக்கு இடமில்லை. 1971-இல் இப்படி எழுதியவருடைய இன்னொரு நாவலுக்கு 2004-இல் என்ன நடந்தது என்பதற்கு இப்போது வருகிறேன்.

அதற்குள் ஒரு சின்ன விலகல், உரிமைச் சட்டம் படிப்பவர்களுக்காக. 1980 படம் நேயர்களிடம் பெரிய வரவேற்பைப் பெற்றும், 1988-இல் மறு ஒளிபரப்பு உரிமை காலாவதியானது. படத்தில் பீட்டில்ஸ் பாடல் ஒன்று ஒலிக்கிறது. கதைக்கு அது தேவையும்கூட. அந்தப் பாடலின் உரிமை, நடிகர்களுக்கான பங்கு என்று சிக்கல்கள் சேர்ந்து படம் பல ஆண்டுகள் பெட்டிக்குள் முடங்கியது. 2000-இல் மீண்டும் வெளியானபோது பீட்டில்ஸ் குரல் இல்லை, வேறொருவர் பாடிய வடிவம் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஏ அண்ட் இ தொலைக்காட்சி ஜேம்ஸ் கானை வைத்து அதே நாவலை மறுபடி எடுத்தது. வேற்றுக்கிரகவாசிகள் போனார்கள், இன்னும் என்னென்னவோ போயிற்று. மெத்தென்ற, அழகான, வெறுமையான படம். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எர்த்சீக்குத் திரைக்கு வரும் வாய்ப்பு முன்பே இரண்டு முறை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் 'தி ரெட் ஷூஸ்' எடுத்த பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவல், லெ குவினோடு உட்கார்ந்து முதல் இரண்டு நாவல்களை இணைத்துத் திரைக்கதை எழுதினார். தயாரிப்பாளர் அமையவில்லை. எனக்கு இது தீராத ஏக்கம். இரண்டாம் நாவலான 'தி டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்' பெரும்பகுதி நிலத்தடியில், விளக்கு கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட சுரங்கங்களில் நடக்கிறது. பூசாரியாக்கப்பட்ட சிறுமி டெனார் அந்த வழிகளை விரலால் தடவித்தான் அறிவாள். ஒருநாள் அங்கே வெளிச்சம் தெரிகிறது. திருட வந்த கெட்டின் கைத்தடி நுனியில் எரியும் ஒளி. தான் இத்தனை காலம் இருட்டில் நடந்த குகைச் சுவர் முழுக்கப் படிகங்கள் என்பதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். நிறத்தையும் ஒளியையும் பவல் கையாண்ட விதம் தெரிந்தவர்களுக்கு, அவர் இந்தக் காட்சியை என்ன செய்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனிமேஷன் இயக்குநர் ஒருவர் எர்த்சீயைப் படமாக்க அனுமதி கேட்டிருந்தார். அனிமேஷன் என்றால் டிஸ்னி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்த லெ குவின் மறுத்துவிட்டார். கேட்டவர் ஹயாவோ மியாசாகி. அவர் 'நவுசிக்கா' எடுக்கப் போய்விட்டார். பிற்காலத்தில் 'மை நெய்பர் டொட்டோரோ' பார்த்து மயங்கிப்போன லெ குவின், என் கதையை எடுக்க இவர்தான் சரி என்று ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லி அனுப்பினார்.

இடையில் 2004. அமெரிக்காவின் சை ஃபை தொலைக்காட்சிக்காக ராபர்ட் ஹால்மி சீனியரின் ஹால்மார்க் என்டர்டெயின்மென்ட் முதல் இரண்டு நாவல்களையும் சேர்த்து இரண்டு இரவுத் தொடராக எடுத்தது. லெ குவின் உரிமையை விற்றதற்குக் காரணம், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைக்கதையில் பங்கெடுத்த ஃபிலிப்பா பாய்ன்ஸ் எழுதப்போகிறார் என்ற உறுதி. தொலைக்காட்சி நிறுவனம் பணம் போட முன்வந்த நேரத்தில் பாய்ன்ஸ் இல்லை. ஆனாலும் ஹால்மி அதற்கு முன் எடுத்த 'ட்ரீம்கீப்பர்' தொடரில் அமெரிக்கப் பழங்குடி நடிகர்களையே நடிக்கவைத்திருந்தார் என்பதால் லெ குவினுக்கு நம்பிக்கை மிச்சமிருந்தது.

கெட் வேடத்துக்கு வந்தவர் ஷான் ஆஷ்மோர், வெள்ளைக்காரர். வெட்ச்சும் வெள்ளை. டெனாராக நடித்த கிரிஸ்டின் க்ரூக்கும், குரு ஓகியனாக நடித்த கறுப்பின நடிகர் டேனி குளோவரும் முக்கிய வேடங்களில் விதிவிலக்கு. தோலை வெளுக்க வைப்பதைப் பற்றித் தமிழ் அவையில் நான் விளக்கப் போவதில்லை. நம் திரைக்கு நாயகி எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இங்கே நடந்ததில் கூடுதலாக ஒரு கொடுமை இருக்கிறது. இந்த வெளுப்பு தொலைக்காட்சியில் தொடங்கவில்லை. முதல் பதிப்பின் அட்டையில் ரூத் ராபின்ஸ் கெட்டைச் செம்பு முகத்தோடுதான் வரைந்தார். அடுத்தடுத்து வந்த பதிப்புகளின் அட்டைகளில் அவன் வெளுத்துக்கொண்டே போனான். கறுப்பு முகம் போட்டால் புத்தகம் விற்காது என்ற வியாபார ஞானத்தோடு லெ குவின் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். ஹேபர் கனவில் செய்ததை அவருடைய சொந்தப் புத்தகத்துக்கு வணிகம் விழித்துக்கொண்டே செய்தது.

தொடர் ஒளிபரப்பான அதே டிசம்பர் மாதத்தில் 'ஸ்லேட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, தழுவல் பற்றி எழுத்தாளர்கள் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது. புலம்பல் கிடையாது. தன் ஒப்பந்தத்தில் 'ஆலோசகர்' என்ற சொல் இருந்ததையும், அதற்குத் தயாரிப்பாளர்கள் விரும்புவதுதான் பொருள் என்பதையும் நிதானமாகச் சொல்கிறார். படத்தின் இயக்குநர் ராபர்ட் லீபர்மன், லெ குவினுக்குப் படத்தில் பங்கில்லை என்றாலும் நூலுக்கு நேர்மையாகவே எடுத்தோம் என்று ஒரு பத்திரிகையில் பேசியதுதான் அவரைப் பகிரங்கமாக வாய் திறக்க வைத்தது. மாற்றி எடுத்ததை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தன் வாயில் வார்த்தையைப் போட்டதைப் பொறுக்கவில்லை.

நிறம் ஒரு தூண் என்றேன். மற்றதையும் விட்டுவைக்கவில்லை. தொடருக்கென்று டைகாத் என்ற அரசனை உண்டாக்கினார்கள். எர்த்சீயை வெல்லத் துடிக்கும், பற்களைக் கடிக்கும் வில்லன். கெட்டுக்கு அடிக்க ஆள் கிடைத்துவிட்டது. நிழலோடு நடக்கும் போராட்டம் ஓரத்துக்குப் போயிற்று. போதாக்குறைக்குப் பெயர்களையும் தலைகீழாக்கினார்கள். நாவலில் ஊரார் அழைக்கும் பெயர் ஸ்பாரோஹாக், உயிரைப் போலக் காக்கும் பெயர் கெட். தொடரில் ஊர் முழுக்கக் கெட் என்று கூப்பிடுகிறது. ரகசியப் பெயர் ஸ்பாரோஹாக். பெயரே மந்திரமாக இருக்கிற கதையில் இதைச் செய்ய ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இனி மியாசாகியின் ஜிப்ளி நிறுவனம். 2005 ஆகஸ்டில் மியாசாகியும் தயாரிப்பாளர் டோஷியோ சுசுகியும் லெ குவினைப் பார்க்க வந்தார்கள். இயக்கப்போவது தான் அல்ல, மகன் கோரோ என்றார் மியாசாகி. கோரோ அதுவரை படமே எடுத்ததில்லை; நிலத்தோற்ற வடிவமைப்பாளர், ஜிப்ளி அருங்காட்சியகத்தை நிர்வகித்தவர். தந்தையின் மேற்பார்வை இருக்கும் என்ற எண்ணத்தில் லெ குவின் குடும்பம் ஒப்புக்கொண்டது. பிறகுதான் அப்படி மேற்பார்வை எதுவும் இல்லை என்று தெரிந்தது. மகன் இயக்குவதில் மியாசாகிக்கே உடன்பாடில்லை என்பது ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கோரோ எடுத்த 'கெடோ செங்கி' 2006 ஜூலையில் வெளியாகி அந்த ஆண்டு ஜப்பானில் அதிகம் வசூலித்த ஜப்பானியப் படமானது. மூன்றாம் நாவலான 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' அதன் அடிப்படை. படம் எடுத்த எடுப்பில் இளவரசன் ஆர்ரன் தன் தந்தையான அரசனைக் கத்தியால் குத்துகிறான். நூலில் அப்படி ஒன்றும் இல்லை. அப்பாவின் எதிர்ப்பை மீறி முதல் படம் எடுக்கும் மகன் இதிலிருந்து தொடங்கியதைப் பற்றி ஜப்பானிய விமர்சகர்கள் நிறையவே எழுதினார்கள். எனக்கும் ஆர்வம்தான், ஆனால் அது கோரோவின் கதை, எர்த்சீயின் கதையல்ல. படத்தில் ஆர்ரனைத் துரத்தும் நிழல், முதல் நாவலிலிருந்து கடன் வாங்கியது. ஆனால் இங்கே அது அவனுடைய ஒளியான பாதி. கடைசியில் எல்லாத் தீமையும் கோப் என்ற மந்திரவாதியிடம் போய்க் குவிகிறது. அவன் கோட்டையில் இருக்கிறான், கெட்ட சிரிப்புச் சிரிக்கிறான், செத்துப்போகிறான். தீமை தீர்ந்தது. லெ குவினின் முக்கியமான குறையும் இதுவே: கொன்றுவிட்டால் சரியாகிவிடும் ஒருவனிடத்தில் தீமையை வைத்துவிட்டார்கள்.

ஹாலிவுட் வணிகமும், அதற்கு எதிர்த்துருவமாக நாம் வணங்கும் ஜிப்ளியும் ஒரே பள்ளத்தில் விழுந்தது இந்தக் கதையில் எனக்கு மிகச் சுவாரசியமான பகுதி. நிறத்தைத் துடைத்தது அமெரிக்கச் சந்தை என்று சொல்லிவிடலாம். வில்லனைக் கொண்டுவந்ததற்கு யாரைச் சொல்வது? திரையில் நிழலோடு சண்டை போடுகிறவன் தனக்குள் சண்டை போடுகிறான் என்பதைப் பார்வையாளன் நம்ப வேண்டும்; அதற்குப் பொறுமையும் நடிகனின் முகமும் வேண்டும். கோட்டையும் வில்லனும் இருந்தால் அந்தப் பொறுமை தேவைப்படாது. இரண்டு குழுக்களும் பொறுமையைத்தான் முதலில் விட்டார்கள்.

2006 ஆகஸ்டில் லெ குவினுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கோரோவும் வந்திருந்தார். விருந்து முடிந்து புறப்படும்போது பிடித்ததா என்று கேட்டார். இது என் புத்தகமல்ல, உங்கள் படம், நல்ல படம் என்ற பொருளில் மூன்று சிறு வாக்கியங்கள் சொன்னார் லெ குவின். ஒரு மூதாட்டி ஒரு இளைஞனிடம் காட்டிய மரியாதை அது. கோரோ அதை இணையத்தில் பகிரங்கமாகப் போட்டுவிட்டார். அப்புறம் லெ குவின் தன் முழுக் கருத்தையும் வெளியிட்டார்: ஓவியத்தில் அழகு இருக்கிறது, குதிரை ஓட்டமும் நிலம் உழும் காட்சியும் பிடித்தன, கதை இணையவில்லை. அமெரிக்காவில் இந்தப் படம் 2010 வரை திரைக்கு வரவில்லை. காரணம், எர்த்சீயின் படமாக்கும் உரிமை அங்கே சை ஃபை தொலைக்காட்சியின் கையில் இருந்தது. முதல் தழுவல் இரண்டாம் தழுவலைச் சிறைவைத்தது.

எர்த்சீயை ஒழுங்காகச் செய்தது வானொலி. பிபிசி 1996-இல் முதல் நாவலை நாடகமாக்கியபோது ஜூடி டென்ச் கதைசொல்லியாக வந்தார். 2015-இல் ஜூடித் ஆடம்ஸ் முதல் மூன்று நாவல்களையும் ஆறு பகுதிகளாக்கினார். பேரைச் சொன்னால் பொருள் கட்டுப்படும் உலகத்துக்குக் காதைவிடப் பொருத்தமான வாசல் எது? ஒலியில் நிறத்தை வெளுக்கவும் முடியாது, வெளுக்கத் தேவையும் இல்லை. நிழலுக்கு உருவம் கொடுக்கும் தொல்லையும் இல்லை.

தயாரிப்பாளர் ஜெனிபர் ஃபாக்ஸ் 2018-இல் எர்த்சீ உரிமையைப் பெற்றார். 2019-இல் ஏ24 நிறுவனம் சேர்ந்துகொள்ள, தொலைக்காட்சித் தொடராகப் போகிறது என்று அறிவித்தார்கள். தொடர் நல்லது. இரண்டு இரவில் அடைக்காமல் ஆற அமரச் சொல்ல இடமிருக்கும். டிராகன்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவற்றை இப்போது யாரும் நன்றாகச் செய்துவிடுவார்கள். முதல் நாவலின் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் யோசிக்கிறேன். ஒரு சிறு படகு. அதில் பழுப்பு நிறத்தவன் ஒருவன், கறுப்பு நிறத்தவன் ஒருவன். ஒருவன் தன் உண்மைப் பெயரை மற்றவனிடம் சொல்லியிருக்கிறான். நாள்கணக்கில் கிழக்கே போகிறார்கள்; எதிரி எங்கே என்று தெரியாது, யார் என்றும் தெரியாது. சண்டை என்று வரும்போது வாள் இல்லை, ஒரு சொல் இருக்கிறது. அதைக் கெட்டும் நிழலும் ஒரே சமயத்தில் உச்சரிக்கிறார்கள். திரைக்கதை வகுப்பு மாணவர்கள் இதைப் பத்துப் பக்கத்துக்குள், உரையாடலைக் குறைத்து, வில்லன் ஒருவனைக்கூடச் சேர்க்காமல் எழுதிப் பாருங்கள். எழுதியதைத் துறைத் தலைவரிடம் கொடுத்தால் நான் படிக்கிறேன். இப்போது கேள்விகளுக்கு வரலாம்.